மூணாந் தண்ணி

லோகித்துக்கு அம்மை என்று சொன்னது நான்தான்.
அவருக்கு அவ்வளவு கற்பனை போதாது.
காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக் கூட்டி வா என்பார்கள்,
கால் சுளுக்கு என்றால் கார் அனுப்புவார்கள்.
அம்மை என்றால்தான்
ஒரு சனம் வாசல் மிதிக்காது.
நிலையில் வேப்பிலைகூடச் செருகி வைத்தேன்.

வைகாசியில் மட்டும் ஏழு பத்திரிகை.
ஏழும் பிரிட்ஜ் மேல், முனையில் மஞ்சளோடு.
கப்பலூர்ப் பட்டறையில் அவருக்கு
வருசத்துக்கு மூணு நாள் கூலியோடு லீவு.
போன வருசத்து மூணையும்
மண்டப நாற்காலிகள் தின்றுவிட்டன.
குளிர்னா எப்படிம்மா இருக்கும் என்றான் பிள்ளை.
பிரிட்ஜைத் திறந்து
முகத்தை உள்ளே வைக்கச் சொன்னேன்.

ஆரப்பாளையத்தில் விடியுமுன் பஸ் ஏறினோம்.
வத்தலக்குண்டு தாண்டும்வரை
முக்காட்டை நான் எடுக்கவில்லை.

கொடைக்கானலில் படகு, குதிரை,
மிளகாய்ப்பொடி தடவிய சோளக்கருது.
சூட்டில் வாயிலிருந்து ஆவி வர
'அப்பா மாதிரியே!' என்றான்.
அவர் ஏரியைப் பார்த்தார்.

போன் அவன் கையில்.
பதினாலு படம்.
சேக்காளிக்கு என்று நினைத்து அனுப்பியது
'அங்காள ஈஸ்வரி துணை' குரூப்பில் போய் விழுந்தது:
நாற்பத்தி மூணு பேர்,
நாலு சம்பந்தி வீடு, துபாயில் ரெண்டு,
காது குத்துகிற வீட்டுப் போதுமணி மதினி.

லாட்ஜ் கம்பளிக்குள்
மூணு தலையும் ஒரே வெளிச்சத்தில்.
அழிச்சா, அழிச்சதும் தெரியுமே என்றார்.
பதினொன்றை அழிப்பதற்குள் நெட் போய்விட்டது.
மிச்சம் குதிரை, சோளக்கருது,
ஒரு கொப்புளமும் இல்லாத முகம், மிக அருகில்.

நெட் வந்தபோது
பார்த்தவர் இருபத்தொன்று.
இருபத்தெட்டு.
ஒரு சொல் இல்லை,
எதற்கும் பூங்கொத்துப் போடுகிற
பெரியப்பாவிடமிருந்துகூட.
தெப்பக்குளத்து மாரிக்கு
மனசுக்குள் காசு முடிந்தேன்.

பதினொன்றரைக்கு மதினியின் குரல், ஏழு நொடி.
பின்னால் அண்டா கழுவும் சத்தம்.
'அம்மை நல்லா எறங்கிருச்சு போலயே.
தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?'

மூணு தரம் கேட்டோம்.
கோபம் எந்தச் சொல்லில் என்று அவர் தேடினார்,
சிரிப்பு எந்த மூச்சில் என்று நான்.

பிறகு அவள் படங்கள் வந்தன.
மொட்டைத் தலையில் சந்தனம்.
மாமன் மடியில், உள்நாக்குத் தெரிகிற அழுகை.
கறிக்குழம்பு வாளியோடு ஓடும் யாரோ.
கடைசியில், எதற்கென்று தெரியாமல்,
மொய் நோட்டின் ஒரு பக்கம்.

விரலால் விரித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாவது வரி:
மொக்கராசு, வில்லாபுரம், ஆயிரத்து ஒண்ணு.
மற்றதெல்லாம் நீல மை.
அது மட்டும் பச்சை.
அந்தப் பேனாவை எங்களுக்குத் தெரியும்.
லோகித் பிறந்தபோது தந்த வெள்ளிக் கொடிப் பெட்டியில்
பெயர் எழுதியது அதுதான்.
தன் வீட்டு மொய்யைத்
தானே எழுதியிருக்கிறாள்.

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.
மலை மொத்தமும் உள்ளே வந்தது.
வெகுநேரம் யாரும் மூடவில்லை.

மறுநாள் இறங்குகையில்
வெள்ளி அருவியில் டீக்கு நின்றது பஸ்.
பிள்ளை சாரலுக்குள் தலையைக் கொடுத்தான்.
ஒரு படம் எடுத்து
'மூணாந் தண்ணி ஊத்தியாச்சு மதினி' என்று
நாற்பத்தி மூணு பேருக்கும் போட்டேன்.
முதல் சிரிப்பு துபாயிலிருந்து வந்தது.

வில்லாபுரத்தில் வேப்பிலை காய்ந்து கொண்டிருக்கும்,
காயட்டும்.
வத்தலக்குண்டில் இறங்கி
உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்றோம்.
ரெண்டு கிலோ பேரிக்காய்,
ரெண்டு வயசு அளவில் மஞ்சள் ஸ்வெட்டர்.
இந்த வெயிலுக்கு இதை எப்பப் போடுவான் என்றார்.

மதினி வீட்லயும்
பிரிட்ஜ் இருக்கு என்றேன்.